சேலத்தில் குடியிருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களோடு ஆய்வு செய்யப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கு

ஏற்காட்டிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் இறங்கிவந்து சேலம் நகரத்தில் வாடகைக்கு இருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைப் பற்றி முதுகலை ஆய்வுக்காக நான் சுற்ற ஆரம்பித்தபோது, எனக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும், கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று எதுவும் தெரியாது. முதல் மூன்று மாதம் செய்த வேலையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சமூகப்பணி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் இருக்கிறவர்களுக்கும், தங்கள் சனத்தைப் பற்றித் தாங்களே எழுத நினைக்கும் மலையாளிப் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாப் படிகளும் அதை ஒட்டித்தான் வருகின்றன. எதை ஆராய வேண்டும் என்பதை அந்த மக்களே முடிவு செய்ய வேண்டும். கேள்வியை நாம் முடிவு செய்துவிட்டு, பதில் வாங்க மட்டும் அவர்கள் வாசலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1. கேள்வித்தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

முதல் நாள் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு நான் போனபோது பையில் 80 கேள்வித்தாள்கள் இருந்தன, ஒவ்வொன்றும் 9 பக்கம், எல்லாம் உணவுப் பழக்கம் பற்றியது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த ஒரு அக்கா முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். மூன்றாவதைப் படித்தபோது, கீரையிலிருந்து கையை எடுக்காமலே, "போன வருசமும் ஒரு பொண்ணு வந்து இதையேதான் கேட்டுச்சு கண்ணு, காலைல என்ன தின்னீங்க, ராத்திரி என்ன தின்னீங்கன்னு. அந்தப் பேப்பரெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எம்பையனுக்குச் சாதிச் சான்று எட்டு மாசமா வரல. அதைப் பத்தி யாராச்சும் எழுதுனா தேவல" என்றார்.

எங்கள் ஆய்வின் கேள்வி அங்கே பிறந்தது. அடுத்தடுத்துப் போன வீடுகளிலும் இதே பேச்சுதான் வந்தது. தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். அப்பா அம்மாவிடம் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது, நகரத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு எந்த முகவரியில் விசாரிக்க வருவார்கள் என்பதே குழப்பம். கல்லூரிச் சேர்க்கை, விடுதி, உதவித்தொகை எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. அவர்கள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ராகிக் களி வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதல் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம், காகிதம் பேனா இல்லாமல் போங்கள். தெரிந்த ஒருவர் மூலமாகப் போங்கள், உட்காருங்கள், பேச்சைக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: வீட்டுக்கு வந்ததும் கேட்டதையெல்லாம் டைரியில் எழுதிவைத்து, பிறகு அதையே 'தரவு' என்று ஆய்வேட்டில் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் யாரும் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், பேருந்துக்கு எவ்வளவு ஆனது என்று உங்கள் பக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிறேன், விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கிறேன் என்று உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள், சொன்னால் போங்கள்.

2. பெயரில் இருக்கும் குழப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள், அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். இவர்கள் தமிழ் பேசும் பழங்குடி மக்கள், சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை, சவ்வாது மலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இருப்பவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். உங்கள் முன்மொழிவின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் "மலையாளம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டு ஒரு கூட்டம் வீணாகும்.

அடுத்தது கவுண்டர் என்ற பின்னொட்டு. மலையாளி மக்கள் பலர் பெயரோடு கவுண்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள். நகரத்தில் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு வேறு சமூகம் என்று நினைத்து வீடு கொடுத்திருப்பார். நீங்கள் போய் வாசலில் நின்று சத்தமாக "நீங்க எஸ்.டி.யா?" என்று கேட்டால் அடுத்த மாதம் அந்தக் குடும்பம் வீடு தேட வேண்டிவரலாம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில், வேலை இடத்தில், பள்ளி வாசலில் சாதிப் பேச்சே எடுக்காதீர்கள். உங்கள் அடையாள அட்டையிலும் 'பழங்குடியினர் ஆய்வு' என்று பெரிதாக அச்சடிக்காதீர்கள்.

மூன்றாவது, பட்டியல். அரசுப் பட்டியலில் மலையாளி என்பது தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற மாவட்டங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது. பழைய சேலத்திலிருந்து பிரிந்ததால் நாமக்கல் இதற்குள் வருகிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். 'சான்றிதழ் இருப்பவர் மட்டும்' என்று நீங்கள் விதி வைத்தால், பர்கூரிலிருந்து சேலத்துக்கு வந்தவர்களும் சான்று கிடைக்காதவர்களும் விழுந்துவிடுவார்கள், பிரச்சினை அதிகம் உள்ளவர்கள் அவர்கள்தான். நாங்கள் 'தன்னை மலையாளி என்று சொல்லிக்கொள்பவர், வேறு இரண்டு குடும்பங்கள் அவரை அறிந்திருக்க வேண்டும்' என்று வைத்துக்கொண்டோம். இதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

3. அனுமதி கேட்க ஊர்க்கவுண்டர் இல்லாத இடத்தில் ஒரு குழு வையுங்கள்

மலைமேல் என்றால் வழி சுலபம். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்க்க வேண்டும், பெரியவர்களைப் பார்க்க வேண்டும், கோயில் முன்னால் ஒரு கூட்டம் போட்டுச் சொல்லலாம். நகரத்தில் அப்படி ஒரு இடமே இல்லை. ஒரு குடும்பம் கோரிமேட்டில் இருக்கும், அதன் சொந்தம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலைக்குப் போகும், மாமன் பிள்ளை கொண்டலாம்பட்டியில் கட்டட வேலையில் இருப்பான். அவர்கள் மொத்தமாகச் சேர்வது ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். நகரத்தில் பழங்குடிகளோடு ஆய்வு செய்யும்போது வரும் முதல் சிக்கல் இதுதான், யாரிடம் போய் அனுமதி கேட்பது?

இதே சிக்கல் மற்ற நாடுகளிலும் உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து நகரங்களில் இருக்கும் பூர்வகுடி மக்களுக்கு நட்பு மையங்கள் என்ற அமைப்புகள் இருக்கின்றன, அவற்றின் கூட்டமைப்பு 2012இல் ஆய்வுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதிக்கொண்டது. நான்கு விஷயங்கள்: ஆய்வு மக்களுக்குப் பயன்பட வேண்டும், தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும், எல்லா வகை அறிவுக்கும் இடம் இருக்க வேண்டும், உறவுகளை மதித்து நடக்க வேண்டும். சேலத்தில் அந்த மாதிரி மையம் எதையும் நான் பார்க்கவில்லை, ஆனால் ஒரு சிறு குழுவை நாமே கூட்டலாம்.

நாங்கள் 7 பேர் வைத்தோம். அதில் 4 பேர் பெண்கள். ஒரு கட்டட மேஸ்திரி, சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, கொலுசுப் பட்டறைக்குப் போகும் ஒரு பெண், விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி, உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவரும் ஒரு பெரியம்மா, மலையிலிருந்து மாதம் ஒருமுறை மகன் வீட்டுக்கு இறங்கிவரும் ஒரு தாத்தா, இ-சேவை விண்ணப்பம் போடத் தெரிந்த ஒரு தம்பி. ஒரே மலைக்காரர்களாக எடுக்காதீர்கள், ஒரே சொந்தத்துக்குள்ளும் எடுக்காதீர்கள். நாங்கள் முதலில் செய்த தவறு, ஒரு சங்கத் தலைவர் சொன்னவர்களை மட்டும் எடுத்தது. மூன்றாவது கூட்டத்தில்தான் அதில் மூன்று பேர் அவருடைய பங்காளிகள் என்று தெரிந்தது, யாரும் அவரை மறுத்துப் பேசவே இல்லை.

அந்தக் குழுவுக்கு உண்மையான அதிகாரம் இருக்க வேண்டும். கேள்வியை மாற்றலாம், ஒரு பகுதியை நிறுத்தலாம், எழுதியதை வெளியிடும் முன் படித்துப் பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். டீயும் வடையும் கொடுத்துத் தலையாட்ட வைக்கும் குழு என்றால் வேண்டாம், அவர்கள் நேரத்தையாவது விட்டுவிடுங்கள்.

4. ஒரே பக்கத்தில் உடன்பாடு

இதை வழக்கறிஞர் பாஷையில் எழுத வேண்டியதில்லை. யார் கேள்வி வைப்பார்கள், பதிவுகள் எங்கே இருக்கும், பணம் எவ்வளவு, யார் பெயர் ஆசிரியராக வரும், சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது, எப்போது முடிகிறது. இவ்வளவுதான். தமிழில் எழுதி, கூட்டத்தில் சத்தமாகப் படித்து, திருத்தி, எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஆளுக்கொரு நகல் கொடுங்கள். முத்திரைத்தாள் வாங்க வேண்டாம், அதைப் பார்த்ததும் நிலத்தை எழுதி வாங்க வந்துவிட்டார்கள் என்ற பயம் வந்துவிடுகிறது.

5. அலுவலக அனுமதிகளும் காகிதங்களும்

இங்கேதான் அதிக நாள் போகும், அதனால் 3ஆம் படி நடக்கும்போதே இதையும் தொடங்குங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைத்தான், ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களில் பெரும்பாலானவை கையில் வைத்திருக்கும். அதில் பழங்குடி மக்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பழங்குடிப் பகுதிக்குள் போகும் முன் பழங்குடியினர் நல ஆணையர் அல்லது மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரியின் அனுமதி, சமூகப் பெரியவர்களைக் கலந்து ஒப்புதல், சாட்சி முன்னிலையில் விளக்கம், தலைவர் சரி என்றாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஒப்புதல், பலனில் பங்கு என்று எல்லாம் இருக்கும். நகரத்துக்குள் 'பழங்குடிப் பகுதி' என்று ஒன்று கிடையாதே, அனுமதி வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் எழுதிக் கொடுத்துவிடச் சொல்வேன். எப்படியும் ஒருநாள் மலைமேல் இருக்கும் சொந்த ஊருக்கு அவர்களே உங்களை அழைத்துப் போவார்கள், அப்போது கையில் கடிதம் இருக்க வேண்டும்.

கொடுக்க வேண்டியவை:

- ஆய்வு முன்மொழிவு, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு
- குழுவின் உடன்பாட்டு நகல் (பெயர்களை மறைத்து)
- ஒப்புதல் படிவமும் தகவல் தாளும், தமிழில்
- கேள்விகள், முதல் கட்டத்துக்கு உள்ளவை
- துறைத் தலைவரின் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல்
- பதிவுகளை எங்கே, எத்தனை நாள் வைப்பீர்கள் என்ற குறிப்பு

இவற்றை நெறிமுறைக் குழுவுக்கும், மனுவோடு சேர்த்து ஆட்சியர் அலுவலகத்துக்கும், பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கும் கொடுங்கள். தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாததால் எங்களுக்கு ஒரு மனு "வரவே இல்லை" என்று ஆகிவிட்டது, ஐந்து வாரம் போனது. விடுதிப் பிள்ளைகளோடு பேசுவதாக இருந்தால் விடுதியை நடத்தும் துறையின் தனி அனுமதி வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். விடுதிக் காப்பாளர் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாகாது.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நெறிமுறைக் குழு முழுக் கேள்வித்தாளைக் கேட்கும். ஆனால் கேள்வியை மக்கள்தான் எழுதப் போகிறார்கள், அதற்கு அவர்களோடு உட்கார அனுமதி வேண்டும். இந்த முடிச்சில் நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். அவிழ்க்கும் வழி, ஆய்வை இரண்டு கட்டமாகக் காட்டுவது. முதல் கட்டம், குழுவோடு கூடிப் பேசிக் கேள்விகளை உருவாக்குவது. அதற்குப் பேச்சின் தலைப்புகளை மட்டும் கொடுங்கள். இரண்டாம் கட்டத்துக்கு உருவான கேள்விகளைத் திருத்தமாகச் சமர்ப்பிப்போம் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். எங்களுக்கு முதல் ஒப்புதலுக்கு 11 வாரம், திருத்தத்துக்கு 3 வாரம் ஆனது. நெறிமுறைக் குழு எப்போது கூடுகிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

6. பணம்

கூலி வேலைக்குப் போகிறவரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் அரைநாள் கூலி போகிறது. அதைக் கொடுப்பது லஞ்சம் ஆகாது, நெறிமுறைகளே பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம் என்கின்றன. ஆசைகாட்டி இழுக்கும் அளவுக்குப் பெரிய தொகையாக மட்டும் இருக்கக் கூடாது. எங்கள் கணக்கு: குழுக் கூட்டம் 6, ஆளுக்கு 400 ரூபாய் வீதம் 7 பேருக்கு 16,800. சாப்பாடு, டீ 3,600. பேசிய 42 குடும்பங்களுக்குத் தலா 200 வீதம் 8,400. அச்சு, ஜெராக்ஸ் 2,100. போக்குவரத்து 4,500. கடைசிக் கூட்டத்துக்கு 5,000. மொத்தம் 40,400. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்து இவ்வளவில் நின்றது.

ரசீதில் கவனம். கணக்குப் பிரிவு ஒவ்வொருவரின் பெயர், ஆதார் எண், கையெழுத்து எல்லாம் கேட்கும். கொடுத்தால் நீங்கள் காப்பாற்றுவதாகச் சொன்ன பெயர்கள் எல்லாம் ஒரு கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். முன்பே எழுத்தில் கேட்டு, குறியீட்டு எண்ணோடு ரசீது, குழுவில் இருவர் சான்று என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். எங்களுக்கு இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு தடவை நடை, ஆனாலும் கிடைத்தது.

7. ஒப்புதல் வாங்குவது

படிவத்தைக் கொடுத்து "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பதோடு முடித்துவிடாதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உங்கள் ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும், கைநாட்டுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் அவர்களிடம் இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இருந்த தாத்தா, 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரியை என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "சரி, நேத்து ஒன்னு சொல்லிட்டேன், இன்னைக்கு வேண்டாம்னு தோணுது. அதையும் எடுத்துருவியா?" என்று கேட்டார். விலகுவது என்றால் இனி பேசாமல் இருப்பது என்றுதான் நானே நினைத்திருந்தேன். அன்று மாலை உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினோம்: பேசிய நாளிலிருந்து 60 நாளுக்குள் சொன்னால் பதிவும் எழுத்தும் அழிக்கப்படும், அழித்ததைக் குழுவில் ஒருவருக்குக் காட்ட வேண்டும். 42இல் 3 பேர் அப்படிக் கேட்டார்கள், அழித்தோம். உங்கள் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

8. ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர், அதில் நகர்ப்புறத்தில் 1,34,417 பேர். சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலை எந்த அலுவலகத்திலும் கேட்காதீர்கள், கேட்பதே மக்களுக்குப் பயம் தரும்.

ஒருவர் மூலம் ஒருவர் என்று போவதுதான் வழி. கனடாவில் ஹாமில்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் பூர்வகுடி மக்களின் உடல்நலக் கணக்கெடுப்பை இப்படித்தான் எடுத்தார்கள். தொடக்கத்தில் சில பேர், அவர்கள் ஒவ்வொருவரிடமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சீட்டு, அந்தச் சீட்டைக் கொண்டு வருபவர் அடுத்த ஆள், அவரிடமும் சீட்டு. யார் மூலம் யார் வந்தார் என்பதை எண்ணாகக் குறிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நகரத்தில் எத்தனை மலையாளிக் குடும்பம் பழக்கம் என்றும் கேட்க வேண்டும், அதை வைத்துத்தான் பிறகு கணக்கைச் சரிசெய்ய முடியும். நாங்கள் ஆளுக்கு 3 சீட்டு கொடுத்தோம். நல்ல விஷயம் என்னவென்றால், யார் வீட்டுக்கும் நாம் தேடிப் போவதில்லை, விருப்பம் உள்ளவர்தான் நம்மிடம் வருகிறார், வீட்டுக்காரருக்கும் ஒன்றும் தெரிய வராது. ஆனால் தொடக்க ஆட்கள் எல்லோரும் ஏற்காட்டுக்காரர்களாக இருந்தால் கல்வராயன் மலைக் கருமந்துறைப் பக்கத்துக்காரர் ஒருவர்கூட வரமாட்டார். மலைக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர் என்று பிரித்துத் தொடங்குங்கள்.

9. எப்போது போவது

சனிக்கிழமை மாலை போகாதீர்கள், அன்று கூலி கைக்கு வரும், கடைக்குப் போவார்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் நல்லது. மற்ற நாளில் இரவு 7 மணிக்கு மேல், 8:30க்குள் கிளம்பிவிடுங்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம், பலர் மேலே போய்விடுகிறார்கள், அப்படியே பொங்கலும் வந்துவிடும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, போதாததற்குக் கோடை விழாக் கூட்டம், ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி நகராது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சேலமே அதில்தான் இருக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரையும், செப்டம்பர், அக்டோபரும் எங்களுக்கு வசதியாக இருந்தன. ஆனால் சான்றிதழ் பற்றிய ஆய்வு என்றால் சேர்க்கைக் காலமான மே, ஜூனில் ஒருமுறையாவது குழுவைக் கூட்டுங்கள், அப்போதுதான் பிரச்சினை சூடாக இருக்கும்.

10. கேட்கக் கூடாதவை

காட்டு வழக்கு, செம்மரம், போலீஸ் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். 1992இல் அரூர் பக்கம் வாச்சாத்தியில் சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் புகுந்து மலையாளி மக்களுக்குச் செய்த கொடுமை, 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது, இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள், தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாம். பெயரும் ஊரும் எழுதிக்கொள்ள ஒருவர் வந்தால் ஏன் கதவு பாதி மூடுகிறது என்பது உங்களுக்குப் புரியும், அது போதும். அவர்களாக அந்தப் பேச்சை எடுத்தால் பதிவுக் கருவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மூலிகையும் அப்படித்தான். எந்தப் பச்சிலை எதற்கு என்று பெரியவர்கள் பாசமாகச் சொல்வார்கள். குழுவிடம் கேட்காமல் தாவரப் பெயரோடு அதை அச்சில் ஏற்றாதீர்கள், ஏற்றிய பிறகு திரும்ப வாங்க முடியாது. பல்லுயிர்ச் சட்டம் 2002 இந்த அறிவுக்குப் பலனில் பங்கு உண்டு என்று சொல்கிறது, வெளிநாட்டு நிறுவனமோ ஆய்வாளரோ கூட்டாளியாக இருந்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் நகரவே கூடாது.

11. எழுதியது யாரிடம் இருக்கும்

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சேலத்தில் இந்த மக்கள் கொஞ்சம்தான். 'கருமந்துறையிலிருந்து வந்து கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் 34 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகள்' என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். வயதை வரம்பாகப் போடுங்கள், ஊரை மலையாகப் போடுங்கள், வேலையைப் பொதுவாகப் போடுங்கள்.

ஒலிப்பதிவுகளை நாங்கள் கடவுச்சொல் போட்ட இரண்டு பென் டிரைவில் வைத்தோம், ஒன்று என்னிடம், ஒன்று குழுவிடம். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனி நோட்டு, அது குழுவிடம் மட்டும். என் ஆய்வு வழிகாட்டி அதை ஏற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது, உடன்பாட்டில் முன்பே எழுதியிருந்ததால்தான் என்னால் விடாமல் நிற்க முடிந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே தமிழில் 8 பக்கச் சிறு புத்தகம் போடுங்கள், பெரிய எழுத்தில். எங்களுடையதில் பாதி, சான்றிதழ் விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம், எந்த வரிசையில், எங்கே தடை வருகிறது, தடை வந்தால் யாரிடம் மனு என்பதுதான். அதைக் குழுவே எழுதியது, அட்டையில் அவர்கள் விரும்பிய பெயர் இருக்கிறது. கடைசிக் கூட்டத்தை ஒரு ஞாயிறு வைத்தோம், 60 பேருக்குச் சாப்பாடு சொல்லி 90 பேர் வந்தார்கள், அதனால் சாப்பாட்டை மட்டும் கூடுதலாகவே சொல்லிவிடுங்கள். கீரை உருவிக்கொண்டிருந்த அக்காவும் வந்தார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "நாஞ் சொன்னது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது, விரல் வைத்துக் காட்டினேன். இன்னும் நான்கு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு உங்கள் கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். விண்ணப்ப எண்ணைச் சொல்லி "என்னாச்சுன்னு பாரு கண்ணு" என்று கூப்பிடுவார்கள், மே, ஜூனில் நிறையவே வரும். ஆய்வுக் காலத்தைத் திட்டமிடும்போது அந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.